போர்க்கால நட்பும் மலாயாத் தமிழரும்

போருக்குப் புறப்படும் அரசன் சீர்தூக்க வேண்டிய வலிமைகளுள் துணைவலியையும் ஒன்றாக வைத்தார் வள்ளுவர். அம்மட்டோடு நில்லாமல், நட்பு முதல் கூடாநட்பு ஈறாக ஐந்து அதிகாரங்களை நட்பின் இயல்பை ஆராய்வதற்கே ஒதுக்கினார். தலையாலங்கானத்தில் சேரனும் சோழனும் வேளிர் ஐவரும் ஒன்றுகூடிப் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்துத் தோற்ற செய்தியைச் சங்க நூல்கள் கூறுகின்றன. ஆகவே, நாடுகள் கூட்டுச் சேர்ந்து போரிடுவதும், அக்கூட்டு உடைவதும் தமிழ் கற்றோருக்குப் புதிய செய்திகள் அல்ல.

எனினும், நம் வகுப்பறைகளில் இச்செய்தியை நாம் மிக எளிதாக முடித்துவிடுகிறோம். பலகையின் நடுவே ஒரு கோடு. இடப்புறம் நேச நாடுகள். வலப்புறம் அச்சு நாடுகள். இவ்வளவில் இரண்டாம் உலகப் போரைக் கற்பித்துவிட்டதாக நானும் பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். ஒரு நாள் அவ்வாறு கோடு கிழித்துப் பெயர்களை எழுதி முடித்தபோது, முன் வரிசையில் இருந்த மாணவன் எழுந்து, "ஐயா, நாம எந்தப் பக்கம் இருந்தோம்?" என்று கேட்டான்.

எனக்கு உடனே விடை வரவில்லை. என் தாத்தாவுடன் பிறந்த தம்பியர் இருவர். மூவரும் ஜொகூரில் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் வாழ்ந்து பால் மரம் வெட்டியவர்கள். ஜப்பானியர் காலத்தில் ஒருவர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார். மற்றொருவர் சயாமுக்கு இரயில் பாதை போடப் போனார், திரும்பவில்லை. தாத்தா தோட்டத்திலேயே மரவள்ளி நட்டு உயிர் பிழைத்தார். ஒரு வீட்டின் பிள்ளைகள் மூவரையும் என் கோட்டின் எந்தப் பக்கத்தில் எழுதுவது? "நாளைக்குச் சொல்றேன், உட்காருப்பா" என்று அன்று சமாளித்தேன். அந்த மாணவனுக்குச் சொல்ல வேண்டிய விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

கிழக்கில் பிறந்த கூட்டு

மலாயாவின் போர்க்கதையை 1941-இல் தொடங்குவது வழக்கம். அதனை 1902-இல் தொடங்கினால்தான் உண்மை விளங்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டன் உலகின் பெரும் பேரரசாக விளங்கியபோதிலும், உற்ற துணை என்று சொல்லத்தக்க வல்லரசு அதற்கு இல்லை. மஞ்சூரியாவிலும் கொரியாவிலும் ருஷ்யா கால் ஊன்றி வருவது பிரிட்டனுக்கும் கவலை, ஜப்பானுக்கும் கவலை. பொதுப்பகை இருவரையும் ஒன்று சேர்த்தது. 1902-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், இலண்டனில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் லான்ஸ்டவுன் பிரபுவும் ஜப்பானியத் தூதர் ஹயாஷியும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். 1905-இல் அது புதுப்பிக்கப்பட்டபோது, அதன் எல்லை கிழக்காசியாவைக் கடந்து இந்தியா வரை விரிந்தது. இந்தியாவில் பிரிட்டனுக்கு உள்ள உரிமைகளைக் காக்க ஜப்பான் துணைநிற்கும் என்பது அதன் கருத்து. இவ்வாறு எழுதுமுன் இந்தியர் ஒருவரையும் எவரும் கேட்டிலர். 1911-இல் உடன்படிக்கை மீண்டும் புதுப்பிக்கப்பட்டது.

இந்நட்பால் பிரிட்டன் பெற்ற பயன் பெரிது. சீனக் கடலில் நிறுத்தியிருந்த தன் பெரும் போர்க்கப்பல்களை 1905-இலேயே மீட்டுக்கொண்டு, ஜெர்மனியை எதிர்நோக்கித் தன் கரையருகே சேர்த்துக்கொண்டது. கிழக்குக் கடலின் காவல் ஒரு பங்கு நண்பனிடம் விடப்பட்டது.

எம்டன் வந்த ஆண்டு

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. உடன்படிக்கையின் பெயரால் ஆகஸ்டு 23-ஆம் நாள் ஜப்பான் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. சீனாவில் ஜெர்மானியர் வசம் இருந்த சிங்தாவ் துறைமுகத்தை நவம்பர் மாதத்தில் கைப்பற்றியது.

அந்த ஆண்டைத் தமிழ் மக்கள் மறவாமல் இருப்பதற்கு ஒரு கப்பல் காரணம். செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, 'எம்டன்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்தது. எதற்கும் துணிந்தவனை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கு அன்று பிறந்ததே. அதே கப்பல் அக்டோபர் 28-ஆம் நாள் விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துள் புகுந்து, அங்கு நின்ற ருஷ்யப் போர்க்கப்பல் 'ஜெம்சுக்'கை மூழ்கடித்தது. வெளியேறும்போது எதிர்ப்பட்ட 'மூஸ்கே' என்னும் பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் மூழ்கடித்தது. பிரிட்டனின் துறைமுகம், ருஷ்யாவின் கப்பல், பிரான்சின் கப்பல், ஜெர்மனியின் பீரங்கி. இத்தனையும் மலாயாவின் நீரில்! கரையில் நின்று வேடிக்கை பார்த்த மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் இவற்றுள் எந்த உடன்படிக்கையிலும் இடம்பெற்றவர் அல்லர். நவம்பர் 9-ஆம் நாள் கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' எம்டனை அழித்தது. பிடிபட்ட ஜெர்மானியருட் சிலர் சிங்கப்பூர் தங்ளின் முகாமில் அடைக்கப்பட்டனர்.

1915: காக்க வந்தவர்

அம்முகாமை நோக்கியே அடுத்த நிகழ்ச்சி செல்கிறது. சிங்கப்பூரில் இருந்த ஆங்கிலேயக் காலாட்படை ஐரோப்பியப் போர்முனைக்குப் போய்விட்டமையால், நகரைக் காக்கும் பொறுப்பின் பெரும்பகுதி இந்தியாவின் 5-ஆம் இலேசுக் காலாட்படையிடம் விடப்பட்டிருந்தது. அப்படையினர் வட இந்திய முஸ்லிம்கள். துருக்கி ஜெர்மனியோடு சேர்ந்துகொண்டதால், கலீபாவாக அவர்கள் மதித்த சுல்தானின் நாடு அவர்கள் சம்பளம் வாங்கும் அரசின் பகைநாடாகிவிட்டது. படையை ஹாங்காங்குக்கு அனுப்புவதென ஆணை வந்தது. துருக்கியரோடு போரிடவே தங்களைக் கொண்டுபோகிறார்கள் என்ற வதந்தி படைவீட்டில் பரவியது. 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள், சீனப் புத்தாண்டு விடுமுறையின்போது, 800-க்கும் மேற்பட்ட சிப்பாய்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் கலகத்தில் இறங்கினர். ஒரு பிரிவினர் தங்ளின் முகாமைத் தாக்கினர். காவலில் இருந்தோர் பலர் மாண்டனர். ஜொகூர்ப் படையைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

இப்போது உடன்படிக்கை பேசியது. பிரெஞ்சுக் கப்பல் 'மோங்கால்ம்', ருஷ்யக் கப்பல் 'ஓரெல்', ஜப்பானியக் கப்பல்கள் 'ஒத்தோவா', 'சுஷிமா' ஆகியவை அடுத்த சில நாட்களில் சிங்கப்பூருக்கு விரைந்து வந்து வீரர்களைக் கரையிறக்கின. நகரில் வாழ்ந்த ஜப்பானியக் குடிமக்களும் துப்பாக்கி ஏந்திச் சிறப்புக் காவலராயினர். சுல்தான் இப்ராஹிமின் ஜொகூர்ப் படையும் துணைக்குச் சென்றது. நீரிணையைக் கடந்து ஜொகூர்க் கரைக்குத் தப்பி வந்த சிப்பாய்களைப் பிடித்து ஒப்படைத்தது. ஜொகூரும் அன்று பிரிட்டனின் நண்பன்தான். ஆனால், 1885 உடன்படிக்கையால் வெளியுறவைப் பிரிட்டனிடம் ஒப்படைத்து, 1914-இல் பொது ஆலோசகரையும் ஏற்றுக்கொண்ட நண்பன். ஜப்பானின் நட்பும் ஜொகூரின் நட்பும் ஒரே தராசில் நிற்பன அல்ல.

கலகம் அடங்கிற்று. விசாரணைக்குப் பின் 47 சிப்பாய்கள் ஊட்ரம் சாலைச் சிறைச்சாலையின் மதிலருகே, மக்கள் திரண்டு பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டனர். கலகக்காரர் கையால் குற்றமற்ற குடிமக்களும் இறந்தனர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்றைக் குறித்துக்கொள்வோம். ஜப்பான், தான் துணைக்கு வருவதா வேண்டாவா என்பதைத் தானே முடிவு செய்தது. எந்த நாட்டோடு போரிடுவது என்று சொல்லச் சிப்பாய்க்கு வாய் இல்லை. ஒருவர் நண்பர், மற்றொருவர் கருவி. இவ்விருவரையும் பிரித்துக் காட்டும் அளவுகோல் 'மறுக்கும் உரிமை' என்பது. இவ்வளவுகோலை இனிவரும் நிகழ்ச்சிகளிலும் வைத்துப் பார்ப்போம்.

நட்பு முறிந்த கதை

பொதுப்பகை நீங்கியதும் நட்பின் தேவையும் குறைந்தது. ருஷ்யப் பேரரசு 1917-இல் வீழ்ந்தது. ஜெர்மனி 1918-இல் தோற்றது. ஜப்பானின் கப்பற்படை வளர்வதை அமெரிக்கா விரும்பவில்லை. பிரிட்டனோ அமெரிக்காவின் நட்பைப் பெரிதும் நாடியது. 1921 டிசம்பரில், வாஷிங்டன் மாநாட்டில் நான்கு வல்லரசு உடன்படிக்கை ஏற்பட்டது. பழைய ஆங்கில - ஜப்பானிய உடன்படிக்கை 1923-இல் முறைப்படி முடிவுற்றது. நண்பனாக இருந்தவன் நாளைய பகைவனாக எண்ணப்பட்டான். சிங்கப்பூரில் பெரும் கடற்படைத் தளம் கட்டுவதென பிரிட்டிஷ் அமைச்சரவை 1921-இல் முடிவு செய்தது. 1938 பிப்ரவரியில் செம்பாவாங்கில் அத்தளம் திறக்கப்பட்டது. அதன் பீரங்கிகள் யாரை எதிர்நோக்கின என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அரசுகளின் நட்பு முறிந்தபோதும் ஜொகூரில் ஜப்பானியரின் தொடர்பு முறியவில்லை. முதல் உலகப் போருக்கு முன்பிருந்தே இங்கு ஜப்பானியர் இரப்பர்த் தோட்டங்கள் வைத்திருந்தனர். பத்து பகாட்டை அடுத்த ஸ்ரீ மேடானில் ஜப்பானிய நிறுவனம் வெட்டியெடுத்த இரும்புத்தாது, ஜப்பானின் உருக்காலைகளுக்குக் கப்பலேறியது. ஜப்பானியப் பிரபு தோக்குகாவா 1921-இல் இங்கு வந்து சுல்தானுடன் புலிவேட்டையாடினார். அவரே 1942-இல் ஜப்பானிய இராணுவ ஆட்சியின் ஆலோசகராக மீண்டும் வந்தார்.

1942: கொள்ள வந்தவர்

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 ஜனவரி 1-ஆம் நாள், வாஷிங்டனில் 26 நாடுகளின் பெயரால் ஐக்கிய நாடுகள் பிரகடனம் வெளியாயிற்று. அப்பட்டியலில் இந்தியாவின் பெயரும் இருக்கிறது. ஆனால், 1939-இல் இந்தியாவைப் போரில் சேர்த்தவர் வைசிராய் லின்லித்கோ. மக்கள் தேர்ந்த தலைவர்களைக் கலந்து பேசாமல் அவர் அவ்வாறு அறிவித்ததைக் கண்டித்தே, சென்னையில் இராஜாஜியின் அமைச்சரவை உள்ளிட்ட காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. பட்டியலில் பெயர் இருந்தது. மறுக்கும் உரிமை இல்லை. மலாயாவுக்கோ பெயரும் இல்லை.

அமெரிக்கா, பிரிட்டன், ஹாலந்து, ஆஸ்திரேலியா ஆகிய நான்கின் படைகளையும் ஒரே தலைமையில் வைக்க ஒரு கூட்டுத் தளபதியகம் அமைந்தது. அதன் தலைவர் ஜெனரல் வேவல், தலைமையிடம் ஜாவா. நான்கு நாடுகளுக்கும் நான்கு கவலைகள். அமெரிக்காவுக்குப் பிலிப்பைன்ஸ், ஹாலந்துக்கு ஜாவா, பிரிட்டனுக்குச் சிங்கப்பூரும் பர்மாவும், ஆஸ்திரேலியாவுக்குத் தன் வடகரை. இரண்டு மாதம் நிறைவதற்குள், பிப்ரவரி 25-ஆம் நாள் அது கலைக்கப்பட்டது.

அந்த இடைவெளியில்தான் நம் ஜொகூர் போர்க்களமாயிற்று. ஆஸ்திரேலியத் தளபதி கார்டன் பென்னட்டின் பொறுப்பில் ஆஸ்திரேலியரும் இந்தியரும் நின்றனர். ஜனவரி 14-ஆம் நாள் கெமாஸ் அருகே ஆஸ்திரேலியர் பதுங்கியிருந்து தாக்கி ஜப்பானியருக்குப் பெருஞ்சேதம் விளைத்தனர். ஆனால், மூவாற்றங்கரையில் நிறுத்தப்பட்ட 45-ஆம் இந்தியப் படையணி பெரும்பாலும் பயிற்சி நிரம்பாத இளைஞரைக் கொண்டது. அது சிதறியது. பக்ரியில் கடும் போர். பாரிட் சூலோங்கில் பாலத்தைக் கடக்க இயலாமல் விட்டுச் செல்லப்பட்ட காயமுற்றோர், ஆஸ்திரேலியரும் இந்தியருமாக நூற்றுக்கு மேற்பட்டோர், ஜப்பானியரால் கொல்லப்பட்டனர். ஜனவரி 31-ஆம் நாள், கடைசிப் படை கடந்தபின் ஜொகூர்க் கடற்பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஜெனரல் யமஷிட்டா சுல்தானின் புக்கிட் செரின் அரண்மனைக் கோபுரத்தில் நின்று சிங்கப்பூரைப் பார்த்தார்.

1942 பிப்ரவரி 15-ஆம் நாள், புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் ஜெனரல் பெர்சிவல் சரணடைந்தார். 1915 பிப்ரவரி 15-ஆம் நாள் மூண்ட கலகத்தை அடக்கச் சிங்கப்பூருக்கு விரைந்துவந்த அதே ஜப்பான், சரியாக 27 ஆண்டுகள் கழித்து அதே நாளில் அந்நகரைக் கைக்கொண்டது. இரு முறையும் சீனப் புத்தாண்டு விடுமுறை. தேதி ஒற்றுமை தற்செயல்; அது காட்டும் பாடம் தற்செயல் அன்று.

மறுக்க முடிந்தவரும் முடியாதவரும்

ஆஸ்திரேலியா பிரிட்டனோடு இரத்தத் தொடர்புடைய நாடு. ஆயினும் அதன் பிரதமர் ஜான் கர்ட்டின், தம் நாடு இனி அமெரிக்காவையே நோக்கும் என்பதை 1941 டிசம்பர் இறுதியிலேயே வெளிப்படையாக எழுதினார். சிங்கப்பூர் வீழ்ந்தபின், நடுக்கடலில் வந்துகொண்டிருந்த ஆஸ்திரேலியப் படையைப் பர்மாவுக்குத் திருப்ப வேண்டும் என்று சர்ச்சில் வற்புறுத்தியபோது, கர்ட்டின் மறுத்தார். படை தாயகம் சேர்ந்தது. கூட்டு அதனால் முறியவில்லை. மறுக்க வல்லவனை நண்பன் மதிக்கவே செய்கிறான்.

அதே பிப்ரவரி மாதத்தில், 17-ஆம் நாள், சிங்கப்பூர் பாரர் பார்க்கில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் கூட்டப்பட்டனர். ஆங்கில அதிகாரி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். ஜப்பானிய அதிகாரி புஜிவாரா அவர்களைக் கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிய பொருள்போல் மனிதர் மாறிய நாள் அது. இருப்பினும் அன்று பிறந்த இந்திய தேசிய இராணுவம் கருவியாக இருக்க ஒப்பவில்லை என்பதே அதன் பெருமை. 1942 ஜூன் மாதம் பாங்காக் மாநாட்டில் கிழக்காசிய இந்தியர் கூடி, இந்தியாவின் முழு விடுதலையையும், தங்கள் படை சமநிலையுள்ள நட்புப் படை என்பதையும் ஜப்பான் தெளிவாக ஏற்க வேண்டும் எனத் தீர்மானித்தனர். ஜப்பான் தெளிவான விடை தரவில்லை. மோகன் சிங் விடாமல் வற்புறுத்தினார். டிசம்பர் 29-ஆம் நாள் ஜப்பானியர் அவரைக் கைது செய்தனர். கைதாகுமுன் தம் படையைக் கலைக்க அவர் ஏற்பாடு செய்திருந்தார். சிப்பாய்க்கு இல்லை என்று 1915-இல் கண்ட அந்த 'மாட்டேன்' என்னும் சொல், 1942-இல் ஒருவர் வாயில் பிறந்தது. அதன் விலை சிறை.

ஒன்பது நாட்கள்

1943 அக்டோபர் மாதத்தில் 17 முதல் 25 வரையுள்ள ஒன்பது நாட்களை ஆசிரியர்கள் ஒருமுறை நாட்குறிப்பில் எழுதிப் பார்த்தல் நன்று.

17-ஆம் நாள்: சயாமிலிருந்தும் பர்மாவிலிருந்தும் போட்டு வந்த இரயில் பாதைகள் கொங்கோய்த்தா என்னுமிடத்தில் இணைந்தன. நீளம் 415 கிலோமீட்டர்.

18-ஆம் நாள்: கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகிய நான்கு மலாய் மாநிலங்கள் சயாமின் ஆட்சிக்கு மாறின.

21-ஆம் நாள்: சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார்.

25-ஆம் நாள்: இரயில் பாதைக்குத் திறப்பு விழா.

இந்நான்கு நிகழ்ச்சிகளும் கூட்டுறவின் கனிகளே. 1941 டிசம்பர் 21-ஆம் நாள் ஜப்பானும் சயாமும் பாங்காக்கில் மரகதப் புத்தர் திருமுன் நட்புடன்படிக்கை செய்துகொண்டன. அந்த நட்பின் வழியேதான் பாதை சயாம் மண்ணில் ஓட முடிந்தது. அந்த நட்புக்கு ஜப்பான் தந்த பரிசே நான்கு மலாய் மாநிலங்கள். கொடுத்தவன் பொருள் அன்று. கேட்டுப் பெற்ற இசைவும் அன்று. அவ்வாண்டு மே மாதத்திலேயே, எஞ்சிய மலாயாவைத் தன் நிலமாகவே வைத்துக்கொள்ள ஜப்பான் இரகசியமாக முடிவு செய்திருந்தது. நவம்பர் மாதம் தோக்கியோவில் கூடிய கிழக்காசிய மாநாட்டில் பர்மாவுக்கும் பிலிப்பைன்சுக்கும் நாற்காலி உண்டு. நேதாஜிக்குப் பார்வையாளர் இடம் உண்டு. மலாயாவுக்கு ஓர் இடமும் இல்லை.

நேதாஜியின் அரசாங்கத்தை ஜப்பான் உட்பட ஒன்பது அரசுகள் ஏற்றன. தோட்டத்துப் பாட்டாளிகள் ஆணும் பெண்ணுமாக அவர் பின் சென்றனர். ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி தூக்கிய பெண்களுள் பால் மரம் வெட்டிய கைகளும் இருந்தன. கங்காணிக்கும் கிராணிக்கும் முன் தலைகுனிந்து நின்றவர் தலைநிமிர்ந்து நடந்த காலம் அது. அப்பெருமையை எந்தக் குறையும் அழித்துவிடாது.

ஆனால், அதே தோட்டங்களிலிருந்துதான் சயாமுக்கும் ஆட்கள் போனார்கள். தொடக்கத்தில் நல்ல கூலி, சில மாதத்தில் திரும்பலாம் என்ற ஆசைவார்த்தை. பின்னர்த் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்ற கணக்கு. கடைசியில் கண்டவரைப் பிடித்து லாரியில் ஏற்றுதல். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் 70,000-க்கும் மேற்பட்டவர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் பல்லாயிரவரை அங்கேயே புதைத்தன. சயாமுக்குப் போவதிலிருந்து தப்புவதற்காகவே இராணுவத்தில் சேர்ந்தவரும் உண்டு என்று எங்கள் லயத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் தாத்தாவின் தம்பியருள் இளையவர் ஒரு மாலை கடைக்குப் போனவர். வேட்டியும் கையில் உப்புப் பொட்டலமுமாக லாரியில் ஏற்றப்பட்டார் என்று தாத்தா சொல்வார். தம் அண்ணன் ஜப்பானின் நட்புப் படையில் இருக்கிறார் என்று அவர் சொல்லியிருந்தாலும் லாரி நின்றிருக்காது.

அந்தப் பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகளும் 12,000-க்கு மேல் மாண்டனர். அவர்கள் பட்ட துன்பமும் சிறிதன்று. இன்று காஞ்சனாபுரியிலும் தன்புசயாத்திலும் அவர்களுடைய கல்லறைகள் வரிசை வரிசையாக, பெயரும் படையும் பொறித்த கற்களோடு பேணப்படுகின்றன. கையொப்பமிட்ட நாடுகள் தம் மக்களைத் தேடி எடுத்து அடக்கம் செய்தன. நம்மவருக்காகக் கையொப்பமிட்ட நாடு இல்லை. ஆகவே, பெயர் பொறித்த கல்லும் இல்லை.

காட்டில் செய்த உடன்பாடு

நேச நாடுகளின் பக்கத்திலும் இதே கதையின் மற்றொரு வடிவத்தைக் காணலாம். மலாயாக் காடுகளில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டது, பொதுவுடைமையர் தலைமையில் அமைந்த மக்கள் படை. 1943 டிசம்பர் இறுதியில் பேராக் காட்டில் பிரிட்டனின் 136-ஆம் படைப்பிரிவினர் அவர்களோடு உடன்பாடு செய்துகொண்டனர். பிரிட்டன் ஆயுதமும் பணமும் தரும். அவர்கள் பிரிட்டிஷ் தளபதியகத்தின் கட்டளைக்கு இணங்குவர். போருக்குப் பின் மலாயா யாருக்கு என்ற வினா அன்று பேசப்படவில்லை. பேசாமல் விட்ட வினா 1948-இல் துப்பாக்கியோடு திரும்பியது. ஜூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோளோடு தோள் நின்றவர் பன்னிரண்டு ஆண்டுகள் ஒருவரை ஒருவர் வேட்டையாடினர். நடுவில் அகப்பட்ட தோட்டங்கள் முள்வேலிக்குள் அடைபட்டன.

போர்க்கணக்கும் நாடுகளுக்கிடையேதான் தீர்ந்தது. 1967 செப்டம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஜப்பான் மலேசியாவுக்கு 25 மில்லியன் வெள்ளி மதிப்புள்ள உதவியை, கப்பல்களின் வடிவில் வழங்கியது. அது அரசுக்கும் அரசுக்கும் இடையே முடிந்த தீர்வு. சயாமில் மாண்ட தோட்டத் தொழிலாளியின் விதவைக்கு அதிலிருந்து ஒரு வெள்ளியும் வரவில்லை.

வகுப்பறைக்குத் திரும்புவோம்

அளவுகோலைக் கையில் எடுத்தோம். இறுதிவரை அதனை விடாதிருப்போம். 1957-இல் மலாயா விடுதலை பெற்றது. அவ்வாண்டு அக்டோபரிலேயே பிரிட்டனோடு பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. ஆனால், அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து நிறுவியிருந்த தென்கிழக்காசிய இராணுவக் கூட்டில் சேருவதற்குத் துங்கு அப்துல் ரஹ்மான் இசையவில்லை. 1971-இல் மலேசியாவும் சிங்கப்பூரும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றோடு சேர்ந்து ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாட்டை அமைத்தன. 1982 முதல் ஜப்பானைப் பார்த்துக் கற்கும் 'கிழக்கு நோக்கும் கொள்கை' வந்தது. பகைவனாக வந்தவன் மீண்டும் நண்பனாவதில் தவறில்லை. முன்னைய நட்புகளுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: இப்போது சேருவதும் மறுப்பதும் நம் நாட்டின் கையில் இருக்கிறது. விடுதலை என்னும் சொல்லுக்கு மாணவருக்கு விளங்கும்படி பொருள் சொல்ல இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தோன்றவில்லை.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில், பாடத்தை இரண்டு பத்தியில் சுருக்கிப் பலகையில் எழுதப் பழகிக்கொண்டோம். அது நல்ல பழக்கம், தேர்வுக்கு உதவும். ஆயினும், போர்ப் பாடத்தில் மட்டும் மூன்றாவது பத்தி ஒன்றும் வேண்டும் என்பது என் வேண்டுகோள். நேச நாடுகள், அச்சு நாடுகள், கேட்கப்படாதவர்கள். மூன்றாவது பத்தியை ஆசிரியர் நிரப்ப வேண்டாம், மாணவர் நிரப்பட்டும். வீட்டில் பாட்டன் பாட்டி இருப்பின் அவர்களைக் கேட்டு, தம் குடும்பத்தில் அக்காலத்தில் வாழ்ந்தவர் யார், எங்கே இருந்தார், எங்கே போனார் என்று எழுதி வரட்டும். மலாய் நண்பரும் சீன நண்பரும் தம் வீட்டுக் கதையைச் சொல்லட்டும். நேரில் கண்டவர் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். அவர் வாய்மொழியைக் கேட்டவர் இன்னும் இருக்கிறோம். நமக்குப் பின் அதுவும் இல்லை.

மறுநாள் அந்த மாணவனை அழைத்து என் விடையைச் சொன்னேன். "தம்பி, நம்மை யாரும் கேட்கவில்லை. அதனால் நம்மில் சிலர் ஒரு பக்கமும், சிலர் மறுபக்கமும் போனார்கள், பலர் இழுத்த பக்கம் போனார்கள்" என்றேன். அவன் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, பலகையருகே சென்று, நான் கிழித்த கோட்டின் மீதே என் தாத்தாவின் தம்பியர் இருவர் பெயரையும் எழுதட்டுமா என்று கேட்டான். பெயர்களைச் சொன்னேன். அவன் எழுதினான்.